இரண்டாவது பிரேக்

"அப்போ காலைக் கட்டிப் போட்டுட்டு உட்காரு."

"கட்டிப் போட்டா பிரேக்கை யாரு மிதிக்கிறது?"

"அதைத்தாம்மா சொல்றேன். நீ மிதிக்கவே வேண்டாம். இன்னிக்கு ஒரு நாள் நீ டீச்சர் இல்ல. என்கூடச் சும்மா வந்த ஒரு பொம்பளை."

பின்சீட்டில் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் தொண்டையைச் செருமினார். "அந்தக் காலைப் பத்தி என்கிட்ட கேளு. கல்யாணமான புதுசுல சினிமாவுக்குப் போனோம். திரையில ஒரு லாரி வேகமா வந்துச்சு. உங்கம்மா முன்வரிசை நாற்காலியை ஒரு மிதி மிதிச்சா பாரு, அதுல இருந்த மனுஷன் காபியோட எழுந்து நின்னுட்டார்."

"காபி அவர் சட்டையில. அதையும் நான்தான் துடைச்சு விட்டேன்," என்றாள் டீச்சர்.

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே தீர்ந்துபோனது. காரை ஓட்டிக்கொண்டிருந்த மகள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள், பக்கத்தில் பார்த்தாள், சிக்னல் போட்டு அடுத்த தெருவில் திரும்பினாள். திரும்பியது சுத்தமாக இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்த டீச்சர், இன்று தான் டீச்சர் இல்லை என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டாள்.

பள்ளிக்கூட டீச்சர் இல்லை இவள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பதினாறு வருடமாக ஓட்டுநர் பயிற்சி நிலையத்துக் காரில், பழகுகிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்து, வீட்டிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவரின் பிரேக்கும் அவளுடையதும் ஒரே கம்பியில் பிணைந்தவை. அங்கே அழுத்தினால் இங்கேயும் இறங்கும். யாராவது பதறிப்போய் எதையும் அழுத்தாமல் விட்டால், அவள் அழுத்துவாள். அவ்வளவுதான் அவள் தொழில்.

போன வாரம்வரை அவர்கள் சமையலறை மேசையில் ஒரு சோப்புக் கட்டி கிடந்தது. அதில் ஒரு கடைவாய்ப் பல் செதுக்கியிருந்தது. பல் மருத்துவக் கல்லூரியின் கைத்திறன் தேர்வுக்காக டீச்சர் செதுக்கிப் பழகியது. வீட்டில் சோப்பே மிஞ்சவில்லை என்றும், ஒரு மாதமாகப் பல்லைத் தேய்த்துத்தான் குளிக்கிறேன் என்றும் கணவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தேர்விலும் நேர்காணலிலும் தேறி, நாற்பத்தொரு வயதில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. வருகிறாளா இல்லையா என்று இன்று மாலை கல்லூரி அலுவலகம் மூடுவதற்குள் சொல்லியாக வேண்டும்.

சொல்லியிருக்கலாம். நேற்றே சொல்லியிருக்கலாம், அதற்கு முந்தின நாளே சொல்லியிருக்கலாம். தொலைபேசியைக் கையில் எடுப்பாள். பிறகு வீட்டில் ஏதாவது ஒரு அலமாரியைத் துடைக்கத் தொடங்கிவிடுவாள்.

"இங்கேயே நிறுத்து சுண்டு," என்றார் கணவர்.

பிறந்தபோது சுண்டெலி அளவு இருந்தாள் என்று அவர் வைத்த பெயர். பதினெட்டு முடிந்து, அப்பாவைவிட அரைச் சாண் வளர்ந்த பிறகும் அதுதான் பெயர். சுண்டு ஓரமாக நிறுத்தினாள். எதிரே ஆறு மாடிக் கட்டடம். வாசலில் காவல்காரர் கையை ஆட்டிக்கொண்டு நின்றார். லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே நின்றுபோயிருந்தது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய கண்களுக்கு நேரே இருப்பது திருகாணியின் மரை வரைக்கும் தெரியும். பக்கவாட்டில் வருவது மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக, தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. போன வருடம் கண் மருத்துவர் அவரிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கி டீச்சரிடம் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் போகிற கட்டடத்துக்கெல்லாம் அவள்தான் ஓட்டிக்கொண்டு போகிறாள், தன் வகுப்புகளுக்கு நடுவே. அவள் கல்லூரிக்குப் போனால் அதைச் செய்ய ஆள் வேண்டும். மாலைக் கல்லூரியில் படிக்கும் சுண்டு பகலில் ஓட்டுகிறேன் என்றாள். அதற்கு உரிமம் வேண்டும். உரிமத்துக்கான தேர்வு இன்று காலை. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது.

இறங்கிய கணவர் டீச்சரின் ஜன்னலருகே வந்து குனிந்தார். பையைத் தோளில் ஏற்றினார். இறக்கினார்.

"ஆபீஸ்ல போன் எடுக்கிற சீட் ஒண்ணு காலியாகுதாம். எனக்கு வேணுமான்னு கேட்டாங்க."

"எப்போ கேட்டாங்க?"

"முந்தாநாள்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னிக்கு சாயங்காலம் சொல்றேன்னேன். நம்ம வீட்டுல எல்லாருக்கும் இன்னிக்கு சாயங்காலம்தானே."

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க போன் பண்ணுவாங்க, நீங்க 'ஆள் வந்துட்டே இருக்கார், பயப்படாதீங்க'ன்னு சொல்லிட்டு உட்கார்ந்திருப்பீங்களா? உங்களால முடியுமா?"

"ஏன், எனக்குக் குரல் நல்லா இல்லையா?" என்றார். பிறகு மகள் பக்கம் பார்த்தார். "சுண்டு, நிதானமா ஓட்டு. பாஸானா நான் பின்சீட்டு முதலாளி. இல்லன்னா போன் குமாஸ்தா. ரெண்டுமே உட்கார்ந்து பார்க்கிற வேலைதான், கவலைப்படாதே."

காவல்காரருடன் அவர் உள்ளே போனார். படியருகே வைத்திருந்த பூந்தொட்டியை அவர் கவனிக்கவில்லை, இடித்துக்கொண்டார். சுண்டு அதைப் பார்த்தாள். டீச்சரும் பார்த்தாள். சுண்டு வண்டியைக் கிளப்பினாள்.

தேர்வு மையத்துக்குப் போகிற வழியெல்லாம் டீச்சர் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள். தன் மாணவர்கள் யாருடைய தேர்வுக்கும் அவளுக்கு இப்படி ஆனதில்லை.

இந்த ஆசை எங்கிருந்து முளைத்தது என்று உறவுக்காரர்கள் கேட்காத நாளில்லை. "பல்லு விழப்போற வயசுல பல்லுக்குப் படிக்கப் போறியா?" என்று கணவரின் அக்கா தொலைபேசியிலேயே சிரித்தாள். எங்கிருந்து என்று டீச்சருக்குத் தெரியும். கார் பழகுகிறவர்கள் பயந்தால் பல்லைக் கடிப்பார்கள். அந்த நறநறப்பு அவளுக்கு இன்ஜின் சத்தம் போலப் பழக்கம். அதைக் கேட்டால் பேச்சை மாற்றுவாள், காரை ஓரம் கட்டச் சொல்வாள், தாடை தளரும்வரை காத்திருப்பாள். இரண்டு வருடத்துக்கு முன் ஐம்பது தாண்டிய ஒரு பெண் கார் பழக வந்தார். பயத்தில் ஸ்டியரிங்கை விடவே மாட்டார். அவர் பல் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை என்று பிறகுதான் தெரிந்தது. கடைசி வகுப்பு முடிந்ததும், "எங்க நாற்காலியில உட்கார்றவங்களும் இப்படித்தான் பயப்படுவாங்க. ஒரு நாள் வந்து பாருங்களேன்," என்றார்.

போனாள். வாயைத் திறக்க மறுத்த ஒரு பெரியவர் மெல்ல மெல்லத் திறந்ததைப் பார்த்தாள். விளக்கின் கீழே அந்த வாய், யாரோ வெகுநாள் வாழ்ந்து விட்டுப்போன வீடு போல இருந்தது. உள்ளே போய்ச் சரிசெய்ய வேண்டும் என்று கை பரபரத்தது. அந்தப் பரபரப்பு இன்னும் அடங்கவில்லை.

நேர்காணலில் ஒருவர், "உங்ககூடப் படிக்கிறவங்க உங்க பொண்ணு வயசுல இருப்பாங்களே," என்றார். "பொண்ணு வயசுல இருக்கிறவங்ககிட்ட திட்டு வாங்கறது எனக்குப் பழக்கம்தான் சார்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு மட்டும் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பயிற்சி நிலைய முதலாளிதான் அவளைத் தூங்க வைத்தவர். "போய்ப் பாரு டீச்சர். ஒத்து வரலன்னா திரும்பி வா. உன் சீட்டை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன்," என்றார். அந்த வாக்கைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் அவள் தினமும் படுத்தாள்.

தேர்வாளருக்குப் பயிற்சியாளர்கள் வைத்த பெயர் கல்லு. நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் அந்த முகம் மாறாது. அவர் பின்சீட்டில் ஏறி, பெல்ட் போட்டு, "போகலாம்மா," என்றார். விதிப்படி டீச்சர் பக்கத்து இருக்கையில். கைப்பை மடியில். கால் இரண்டாவது பிரேக்கின் மேல் படாமல், படுகிற தூரத்தில்.

சுண்டு நன்றாக ஓட்டினாள். குறுகலான சந்தில் எதிரே வந்த வேனுக்கு வழிவிட்டாள். ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் நழுவாமல் எடுத்தாள். இரண்டு லாரிகளுக்கு நடுவே ஒரே தடவையில் நிறுத்தினாள். கல்லு ஏதோ குறித்துக்கொண்டார். சுண்டுவின் தாடை தளர்ந்தே இருந்ததை டீச்சர் கவனித்தாள். பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. அது தன்னுடையது என்று தெரிய ஒரு நொடி ஆனது.

இவள் தேறிவிடுவாள். தேறினால் சாக்கு எதுவும் மிச்சமிருக்காது.

மருந்துக்கடை முனையில் பாதசாரிகள் கடக்கும் இடம். ஓரத்தில் விளக்குக் கம்பத்தையொட்டி ஒரு பெரியவர், கையில் செய்தித்தாளுடன் நின்றிருந்தார். ஒரு காலை நடைபாதையிலிருந்து இறக்கினார்.

அப்போது டீச்சரின் மடியில் தொலைபேசி அதிர்ந்தது.

கார் குலுங்கி நின்றது. பெல்ட் மூவரையும் பிடித்து இழுத்தது. டீச்சர் பக்கத்து பிரேக்கில் கால் பட்டு அழுத்தினால் மட்டும் அடிக்கும் மணி, கொசு ரீங்கரிப்பதுபோல் மெலிதாக அடித்து ஓய்ந்தது. பெரியவர் திடுக்கிட்டுத் தலை நிமிர்ந்தார். செருப்புக்குள் போன கல்லை உதறத்தான் காலை இறக்கியிருந்தார். உதறி முடித்து, மீண்டும் மாட்டிக்கொண்டு, செய்தித்தாளுக்குத் திரும்பினார்.

"டீச்சர், நீங்க மிதிச்சீங்களா?"

"ஆமா சார்."

"மையத்துக்குத் திரும்பிடலாம்மா," என்றார் கல்லு, சுண்டுவிடம். குரலில் எதுவும் இல்லை.

திரும்பி வரும்போதும் சுண்டு ஒரு தப்புக்கூடச் செய்யவில்லை. அதுதான் டீச்சரைக் குத்தியது.

இறங்கியதும் கல்லு விதியைச் சொன்னார். "பயிற்சியாளர் மிதிச்சா தேர்வு அதோட நின்னுடும். ஏன் மிதிச்சீங்கன்னு உள்ள ஜன்னல்ல வந்து சொல்லணும். என் இடத்துலேர்ந்து எனக்குக் கம்பம்தான் தெரிஞ்சது, அந்த ஆள் சரியாத் தெரியல. நீங்க சொல்றதைத்தான் நாங்க எடுத்துக்குவோம். கூப்பிடுவாங்க, உட்காருங்க."

காத்திருக்கும் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. சுண்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். நடுவில் காலியாக இருந்த நாற்காலியில் டீச்சரின் கைப்பை.

"நான் மிதிச்சேன்மா."

டீச்சர் தரையைப் பார்த்தாள்.

"நான் அந்தத் தாத்தாவைப் பார்த்தேன். அவர் காலை இறக்கினதும் பார்த்தேன். உனக்கு முன்னாடியே மிதிச்சுட்டேன். யாரும் நம்பமாட்டாங்க, ஃபெயிலானவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. ஆனா நீயாவது நம்பு."

"நம்பறதுக்கு என்ன இருக்கு. எனக்குத் தெரியும்."

சுண்டு திரும்பினாள்.

"ரெண்டு பிரேக்கும் ஒரே கம்பி," என்றாள் டீச்சர். தரையைப் பார்த்தே சொன்னாள். "என் கால் அங்க போனப்போ பிரேக் இருக்க வேண்டிய இடத்துல இல்ல. ஏற்கனவே கீழ போயிட்டு இருந்துச்சு. இருட்டுல இன்னொரு படி இருக்குன்னு நினைச்சுக் காலை வைப்போமே, அப்படி இருந்துச்சு. நீ மிதிச்சுட்டே. சரியான நேரத்துக்கு, சரியான அளவு மிதிச்சே. அதுக்கு மேல போட்டு நான் மிதிச்சேன்."

"அப்போ ஏம்மா மிதிச்சே?"

அதற்கு டீச்சரிடம் பதில் இருந்தது. தொலைபேசி அதிர்ந்தது, பதறிவிட்டேன். உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் இன்னொன்று ஒண்டிக்கொண்டு நின்றது. அதை மகளிடம் எப்படிச் சொல்வது?

"தெரியல," என்றாள்.

சுண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "சரி, போய்ச் சொல்லு. பிரேக் ஏற்கனவே இறங்கியிருந்துச்சுன்னு சொல்லு. அவ்வளவுதானே. திரும்ப வெச்சா திரும்ப ஓட்டிக் காட்டறேன்."

எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த இன்னொரு பயிற்சியாளர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மீசை என்று பெயர். மீசையை எடுத்துப் பல வருடமாகியும் பெயர் உதிரவில்லை. எழுந்து வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா, அவ்வளவுதான்னு சொல்லிடாதே. டீச்சர், உங்களுக்குத் தெரியாததா? புது விதி வந்துடுச்சே. ஆபத்து இருந்துச்சுன்னு நீங்க சொன்னா பாப்பா ஃபெயில், மூணு மாசம் கழிச்சுத் திரும்ப வரலாம். ஆபத்தே இல்லாம மிதிச்சேன்னு சொன்னா, பாப்பாவுக்கு மத்தியானமே வேற ஆள் வெச்சுத் தேர்வு. ஆனா உங்க பயிற்சி உரிமம் ரத்து. போன மாசம் ஒருத்தர் வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டார். இப்போ அண்ணன் கடையில பெட்டி தூக்கறார்."

"எவ்வளவு நாளைக்கு ரத்து?" என்றாள் சுண்டு.

"நாள் கணக்கெல்லாம் இல்ல பாப்பா. ரத்துன்னா ரத்து." டீச்சரைப் பார்த்தார். "நான் சொல்லவேண்டியதைச் சொல்லிட்டேன். அந்தப் பெரியவர் காலை இறக்கினாரா இல்லையா? இறக்கினார்தானே? அது போதும். ஒரு வார்த்தைல முடிஞ்சுடும்." தன் நாற்காலிக்குப் போனார்.

டீச்சர் கைகளைப் பார்த்தாள். வலது கட்டைவிரலில் சோப்புச் செதுக்கிய கத்தி கீறிய வடு. சுண்டு மறுபடி தேர்வுக்கு வர மூன்று மாதம். கல்லூரி அதற்குள் தொடங்கிவிடும். அந்த மூன்று மாதமும் கணவர் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களிடம் பயப்படாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பார். உட்கார்ந்தவரை மறுபடி கட்டடங்களுக்கு யார் அனுப்பப்போகிறார்கள்? அல்லது அவள் கல்லூரியை விட்டுவிடலாம். விட்டால் எல்லாம் நேற்றுபோலவே இருக்கும். யாரும் அவளைக் குறை சொல்லமாட்டார்கள். மகள் ஃபெயில், வீட்டு நிலைமை, என்ன செய்வது என்று உச்சுக்கொட்டுவார்கள்.

அவள் கால் தேடியதும் அதைத்தானோ?

உண்மையைச் சொன்னால் முதலாளியின் வாக்குக்கு அர்த்தமில்லை. உரிமம் இல்லாதவளுக்கு அவர் எந்த இருக்கையைக் காலியாக வைத்திருப்பார்? கல்லூரியில் முதல் வருடத்திலேயே தடுக்கி விழுந்தால், நாற்பத்திரண்டு வயதில், கையில் ஒரு தொழிலும் இல்லாமல் வீட்டுக்கு வர வேண்டும். இத்தனை வருடம் மற்றவர்களின் பயத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரேக்கோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பயத்துக்குப் பக்கத்தில் உட்கார யாரும் வரப்போவதில்லை.

தொலைபேசி மீண்டும் அதிர்ந்தது. கணவர்.

"லிஃப்ட் ஓடுது," என்றார். "உள்ள மாட்டினவங்க யாரும் இல்ல, ஒரு சைக்கிள் மட்டும்தான். யாரோ ஏத்திவிட்டுட்டு இறங்கிட்டாங்க. சரி, சுண்டு என்ன ஆச்சு?"

"இன்னும் சொல்லல."

"உன் குரல் சொல்லுதே."

மறுமுனையில் கருவிகளைப் பையில் போடும் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று. அவர் எப்போதும் கனமானதை முதலில் போடுவார்.

"டீச்சர், நான் அந்தப் போன் சீட்டை வாங்கிக்கறேன். இப்பவே சொல்லிடறேன். நீ அதை நினைச்சுக் குழப்பிக்காதே. நீ போறதா இருந்தா போ. போகலன்னா அது நீ போகலன்னு இருக்கட்டும். எங்க யார் பேரையும் அதுல சேர்க்காதே."

"இப்ப எதுவும் சொல்லிடாதீங்க. சாயங்காலம் வரைக்கும் இருங்க."

"ஏன்?"

"இருங்கன்னா இருங்களேன்."

வைத்துவிட்டாள். திரையில், தவறிய அழைப்பாக, கல்லூரி அலுவலகத்தின் எண் இருந்தது. மருந்துக்கடை முனையில் வந்தது.

சுண்டு நடுவிலிருந்த கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்து வந்தாள். அவள் தோள் டீச்சரின் தோளில் இடித்தது. சின்ன வயதில் மருத்துவமனை வராந்தாக்களில் அவள் இப்படித்தான் உட்காருவாள்.

"அம்மா, அந்த மாமா சொன்னது நிஜமா? உரிமம் போயிடுமா?"

"போயிடும்."

"திரும்ப வாங்க முடியாதா?"

"முடியாதுன்னுதான் நினைக்கிறேன்."

சுண்டு கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "காலேஜ் ஒத்து வரலன்னா?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

"நீ யோசிக்கல. நிஜத்தைச் சொல்றதுன்னு நீ முடிவு பண்ணிட்டே. உன் மூஞ்சில தெரியுது. நான் ஒரு தப்பு பண்ணிட்டு உன்கிட்ட வந்து நின்னா, நீ இந்த மூஞ்சியைத்தான் வெச்சுக்குவே."

ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் எழுந்து கண்ணாடித் தடுப்பை நகர்த்தினாள். கல்லு அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார், அதே முகத்தோடு.

"பயிற்சி டீச்சர் யாரு? வாங்க."

டீச்சர் எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது, வலது கால். ஒரு தடவை தரையில் தட்டிக்கொண்டாள். அவள் முந்தானையைச் சுண்டு பிடித்திருந்தாள். அவ்வளவு உயரமான பெண், உட்கார்ந்தபடி, நிமிர்ந்து பார்த்தாள். சற்றுமுன் உண்மையைச் சொல்லச் சொன்ன அதே கண்கள்தான்.

"அம்மா," என்றாள், மற்ற யாருக்கும் கேட்காத குரலில். "நான் மிதிச்சது உனக்குத் தெரியும்ல. எனக்கு அது போதும். அந்தத் தாத்தா ரோட்டுல இறங்கிட்டாருன்னு சொல்லிடேன்."